கல்யாணப் பத்திரிகையும் ஒரு சொம்பு மோரும்

நான் பிடிவாதக்காரி. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கிணத்துக்கடவில் தையற்கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் அளவு ஒரு நூல் பிசகினாலும் முழுக்கப் பிரித்துத் திரும்பத் தைப்பேன். அப்படிப்பட்ட எனக்குக் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாமல் போனது. கோயம்புத்தூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் இவ்வளவு சர்க்கரையோடு கண்ணில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கண் போனால் கடை போச்சு. வீட்டில் சும்மா உட்கார்ந்து சீரியல் பார்க்கக்கூட அந்தக் கண்தானே வேண்டும்!

அன்றே சர்க்கரை டப்பாவைப் பரண் மேல் ஏற்றினேன். விடிந்ததும் தென்னந்தோப்பு ஓரமாக நடை. துணைக்கு வருகிறேன் என்று கிளம்பிய வீட்டுக்காரருக்குப் புதுச் செருப்பு வாங்கிய கையோடு முழங்கால் வலி வந்துவிட்டது. நான் விடவில்லை. முதலில் சப்பென்று இருந்த காப்பி, போகப்போகப் பழகிவிட்டது. சர்க்கரையும் இறங்கிக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது.

எங்கள் பக்கம் பத்திரிகையை வாட்ஸப்பில் தட்டிவிட்டு, அழைத்தாகிவிட்டது என்று சொல்ல முடியாது. புருஷனும் பொண்டாட்டியுமாக வீடு வீடாகப் போய், தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, அவர்கள் கொடுப்பதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மனத்தாங்கல் வந்துவிடும்.

முதல் வீட்டில், "ஏனுங்க, எனக்குச் சக்கர கம்மியாப் போடுங்க" என்றேன்.

"அட, கூச்சப்படாதீங்க அம்மணி. கல்யாண ஊட்டுக்காரங்களுக்குச் சப்புன்னு காப்பி குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று இன்னொரு கரண்டி சேர்த்துப் போட்டார்கள். அடுத்த வீட்டில், இப்போதுதான் குடித்தோம் என்றேன். "அவங்க ஊட்ல குடிப்பீங்க, எங்க ஊட்ல குடிக்க மாட்டீங்களாக்கும்?" என்றார்கள். அதற்கடுத்த வீட்டில், "நாட்டுச்சக்கரைதானுங்க, ஒண்ணும் பண்ணாது" என்று டம்ளரைக் கையில் திணித்தார்கள். நாட்டுச்சக்கரை சர்க்கரையில் சேர்த்தி இல்லை என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் யாரோ சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

சுகர் இருக்கிறது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கல்யாணம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. "அம்மாளுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு எவனாச்சும் சம்பந்தி காதுல ஓதிப்போட்டா என்ன பண்ணுவே?" என்றார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை பழையபடி ஏறியிருந்தது. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் நடந்த நடை, இத்தனை நாள் கட்டிய வாய், எல்லாம் மரியாதைக்குக் குடித்த காப்பியில் போச்சே!

மிஷினில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்றாலும் கூச்சம்தான், கொஞ்சம் போதும் என்றாலும் கூச்சம்தான். மறுப்பது யார் காதிலும் விழாது. ஆனால் நாமாக வாய்விட்டு ஒன்றைக் கேட்டால், உரிமையோடு கேட்டுவிட்டாளே என்று உருகிப்போவார்கள்.

மறுநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுத்தேன். "ஏனுங்க, வெயிலு தாங்கலீங்க. ஒரு சொம்பு மோர் குடுங்க, உப்பு தூக்கலா!"

அந்த வீட்டம்மாள் முகம் மலர்ந்து உள்ளே ஓடினார். காப்பிப் பேச்சே எழவில்லை. அதற்குப் பிறகு போன வீட்டிலெல்லாம் மோர்தான். வீட்டுக்காரர் என்னை மோர்க்காரி என்றே கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாகச் சென்னிமலையில் சம்பந்தி வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் காப்பி வந்துவிட்டது, கூடவே தட்டு நிறைய ஜிலேபி. மோர் கேட்டேன். "அது அப்பறம் குடிக்கலாமுங்க, முதல்ல இனிப்பு" என்று சம்பந்தியம்மா ஒரு ஜிலேபியை எடுத்து என் வாய்க்கருகிலேயே கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். இந்தப் பக்கம் என் கண், அந்தப் பக்கம் மகளின் வாழ்க்கை. ஒரு ஜிலேபிதானே, தின்றுவிடு என்றது மனசு. ஒரு காப்பிதானே என்று குடித்துக் குடித்துத்தான் ஆபரேஷன் தள்ளிப்போனது.

சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குச் சுகர் இருக்குதுங்க சம்பந்தி. கொறஞ்சாத்தான் கண்ணு ஆபரேசன் பண்ணுவாங்களாமுங்க. பயந்துக்கிட்டு உங்ககிட்டச் சொல்லாம இருந்துபோட்டேனுங்க."

அவர் ஜிலேபியைத் தட்டிலேயே போட்டார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போனவர் வரவே இல்லை. "கெடுத்துப்போட்டியே" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

சம்பந்தியம்மா திரும்பி வந்தபோது கையில் சொம்பு இருந்தது. மோரில் கறிவேப்பிலை மிதந்தது.

"நீங்க ஊடு பாக்க வந்தன்னைக்கே சொல்றதில்லீங்களா? அன்னைக்கும் ஜிலேபிய ஊட்டி ஊட்டி உட்டேனேங்க, பாவி நானு!" என்றார். "சுகர் இல்லாத ஊடு இப்ப எங்கீங்க இருக்குது? கண்ணு போனா திரும்பி வருமுங்களா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த மோரை ஒரே மூச்சில் குடித்தேன்.

சர்க்கரை மறுபடி இறங்கி, கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆபரேஷன் முடிந்தது. இப்போது கறுப்பில் கறுப்பு நூல் பளிச்சென்று தெரிகிறது.

போன வாரம் மகளைப் பார்க்கச் சென்னிமலை போயிருந்தேன். படியேறும்போதே அடுப்படியிலிருந்து புதுக் காப்பித்தூள் வாசம் தூக்கியது. சர்க்கரை போட்டு ஒரே ஒரு வாய் குடித்தால் என்ன என்று நாக்கு கேட்டது. நான் பிடிவாதக்காரிதான், ஆனாலும் அந்த வாசத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டேன். அதற்குள் உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது.

"கண்ணு, உங்கம்மா வந்துட்டாங்க. மோரு எடுத்துட்டு வா!"

சொம்போடு வந்தாள் என் மகள். இனி நானே ஆசைப்பட்டாலும் அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய் காப்பி கிடைக்காது.