ஸ்டீயரிங் பட்டறையில் ஒரு கான்வென்ட்காரி

ஸ்டீயரிங் வேலையில் கஷ்டமானது லாரிக்கு அடியில் படுப்பதல்ல, என்ன கோளாறு என்பதை லாரிக்காரர் வாயிலிருந்து வரவழைப்பதுதான்.

இதையெல்லாம் நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது குரோஷா பின்னுவது, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது, வாக்கியத்தைப் பாதியில் விடாமல் சொல்லி முடிப்பது. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் என் வீட்டுக்காரர் லாரி கியர்பாக்ஸ் ஒன்றைத் தனி ஆளாகத் தூக்கப் பார்த்தார். கியர்பாக்ஸ் எழுந்திருக்கவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. முதுகுத்தண்டு நகர்ந்துவிட்டது, குனியவே கூடாது, மரக்கட்டிலில் மல்லாந்து கிடக்க வேண்டும் என்றார் டாக்டர். வேலூர் ரோட்டில் எங்கள் பட்டறை, அதன் பின்பக்கமே வீடு. இருந்த ஒரே மெக்கானிக் பாஷா பாய் வேலை தெரிந்தவர். ஆனால் வந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னால் அவருக்கு ஜுரம் வந்துவிடும்.

பட்டறை மூடினால் என்ன ஆகும் என்பதை எங்களைக் கேட்காமலே தீர்மானித்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மச்சாண்டார், சொல்லி அனுப்பிவிட்டார்: நாங்கள் அவர் வீட்டு மாடி அறைக்குக் குடிபோக வேண்டும், தம்பி முதுகு சரியானதும் அவருடைய கடலை மண்டியில் உட்கார வேண்டும். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வீட்டில் காபிக்கு எத்தனை மணி, தலைக்கு ஊற்றிக்கொள்வது எந்தக் கிழமை என்பதுவரை எல்லாம் என் ஓரகத்தி வைத்ததுதான் சட்டம். மறுநாள் காலை பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். புருஷன் தொழிலுக்குள் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்ட பெண்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரி

முதலில் வந்தது ஒரு செங்கல் லாரி. டிரைவர் இறங்கி, "ஸ்டீயரிங் ஒரு மாதிரியா இருக்குதும்மா" என்றார்.

"எந்த மாதிரி?"

"அதாம்மா, ஒரு மாதிரி."

கட்டிலில் இருந்தபடியே வீட்டுக்காரர் எனக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தார். ஒரு பக்கமாக இழுக்கும், அல்லது கை நடுங்குகிற மாதிரி ஆட்டும், அல்லது நேராகப் போகாமல் ரோடு முழுக்க அலையும். எது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது. அதனால் கேட்டேன். இழுக்குதா, ஆட்டுதா, அலையுதா? "எல்லாந்தாம்மா" என்றார். வேகமாகப் போகும்போதா, மெதுவாகப் போகும்போதா? "போம்போது." லோடு இருக்கும்போதா, காலியிலா? அவர் பாஷா பாயைப் பரிதாபமாகப் பார்த்தார். பாஷா பாய் வானத்தைப் பார்த்தார். பிரேக் போட்டாலா, போடாமலேயா என்றதும்தான் முகம் தெளிந்தது. "ஆங்! பிரேக்கு போட்டா லெப்ட்டுல புடுங்குது." அப்போது மட்டும்தானா? அப்போது மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இதற்குள் சாம்பார் தாளித்திருப்பேன். பிரேக் போட்டால் மட்டும் இடது பக்கம் இழுக்கிறது என்றால் ஸ்டீயரிங் மேல் பழியே இல்லை, வலது பக்கத்து பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பாஷா பாய் வலது சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் கட்டை எண்ணெயில் ஊறிக் கிடந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது டிரைவர் சொன்னார்:

"ஆஸ்பத்திரில கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கம்மா. ஊசியப் போட்டு அனுப்பிடுவாங்க."

உள்ளே போய்விட்டு வருவது

வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "அய்யா இல்லீங்களா?" அய்யா படுத்திருக்கிறார் என்றால் எதிர்ப் பட்டறையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே மீசை வைத்த ஆள் இருந்தார். மீசைக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு டிராக்டர் கம்பெனிக்காரரின் பெரிய ஜீப் வந்தது. கொஞ்சம் வேகம் பிடித்தால் ஸ்டீயரிங் பல் தந்தியடிப்பதுபோல் ஆடுகிறதாம். பாஷா பாய் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார், கடகடத்தது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார், அப்போதும் கடகடத்தது. பிரேக் மிதித்தும் ஆடினால் பேரிங் இல்லை, சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங்பின்தான் தேய்ந்திருக்கிறது. பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விஷயம் முடிந்தது.

ஆனால் ஜீப்காரருக்கு முடியவில்லை. "அய்யாவை ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்" என்றார். சரி என்று உள்ளே போனேன். அய்யா வலி மாத்திரை போட்டுக்கொண்டு குறட்டையில் இருந்தார். அடுப்பில் குழம்பைக் கிளறினேன், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "கிங்பின்னாம்" என்றேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யார் வந்தாலும் உள்ளே போவேன், தண்ணீர் குடிப்பேன், தீர்ப்போடு வருவேன். ஜீப்காரர் அன்றைக்கு டிரைவரைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னது இது:

"பாத்தியா, படுத்துக்கினே கண்டுபுடிச்சிட்டாரு. அய்யா அய்யாதான்."

வலமாக மட்டும்

ரமணாசிரமம் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் வேன். நடந்து கிரிவலம் போக முடியாதவர்களையும் வெயில் தாங்காத வெள்ளைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றுவதுதான் அதன் ஒரே வேலை. இடது முன்டயரின் வெளி ஓரத்தைக் கத்தியால் சீவினதுபோல் இருந்தது. எதிர்ப் பட்டறையில் அலைன்மென்ட் பார்த்தாயிற்று, புது டயரும் போட்டாயிற்று, அதுவும் தேய்ந்துவிட்டது என்றார் டிரைவர். நான் ஏறி உட்கார்ந்து நேர் ரோட்டில் ஓட்டச் சொன்னேன். கையை லேசாக விட்டாலும் வண்டி நூல் பிடித்தமாதிரி நேராகப் போனது. எனக்கு எரிச்சல். எந்தக் கோளாறும் இல்லாத வண்டியைப் போல மனுஷியைக் கோபப்படுத்துவது வேறில்லை.

திரும்பும்போதுதான் உறைத்தது. மலையை வலமாகத்தானே சுற்றுகிறார்! நாள் முழுக்க, வருஷம் முழுக்க, வலது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிற வண்டி. பாரம் முழுக்க இடது டயரின் வெளி ஓரத்தில் விழாமல் வேறெங்கே விழும்? "காலி வண்டியா இருக்கறப்ப அந்தப் பக்கமாவும் நாலு சுத்து சுத்துப்பா, சமமாயிடும்" என்றேன். டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஓடுகிற வண்டியில். கடைசியில் அமாவாசைக்கு அமாவாசை இரண்டு முன்டயர்களையும் இடம் மாற்றிக்கொள்வது என்று சமாதானமானோம். பௌர்ணமிக்கு அவருக்கு நேரம் இருக்காது. ஆனாலும் நான் சொன்ன முதல் வைத்தியத்தை அவர் மன்னிக்கவில்லை:

"வண்டி கெட்டா நீங்க சரி பண்ணிடுவீங்க. எதிர்ச்சுத்து சுத்தி நான் கெட்டா யாரும்மா சரி பண்றது?"

தண்ணி லாரி

நாலு வண்டி சரியானதும் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. கோடையில் ஒரு தண்ணி லாரி வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பவே முடியவில்லை, தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது என்றார் டிரைவர். நான் கேள்வியே கேட்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "ஸ்டீயரிங் பாக்ஸாம், கழட்டணுமாம்" என்றேன். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்கு அனுப்பும் அந்தப் பற்சக்கரப் பெட்டியைப் பாஷா பாய் கழற்றினார். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. மாட்டினார். ஸ்டீயரிங் அதே முரட்டுத்தனத்தோடு இருந்தது. மறுபடி கழற்றினார். பகல் முழுக்க இப்படியே போக, அந்த லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்த தெரு எங்களைச் சபித்துக்கொண்டிருந்திருக்கும். சாயங்காலம் ஜன்னல் வழியாக வீட்டுக்காரரின் குரல் வந்தது: "முன் டயர்ல காத்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, பாயும் பார்க்கவில்லை. இரண்டு டயரிலும் காற்று கம்மி. அழுத்தம் இல்லாத டயர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்ப மறுக்கிறது, அவ்வளவுதான். டிரைவர் காற்றடித்துக்கொண்டு நேரே எதிர் டீக்கடைக்குப் போனார். ஊரில் இருக்கிற டிரைவர்கள் எல்லாம் கூடும் இடம் அது. அதற்கப்புறம் பல நாள் எங்கள் பட்டறைக்குள் வந்தது ஆடுகள் மட்டும்தான். பாஷா பாய், பேசவே மாட்டார் என்றேனே, அவர் வாயைத் திறந்தார்:

"இனிமே உள்ள போனா தண்ணி மட்டும் குடிச்சிட்டு வராதீங்கம்மா. அய்யாவையும் எழுப்பிக் கேட்டுட்டு வாங்க."

பெரியவர் லாரியோடு வந்தார்

பட்டறை காலியாகக் கிடக்கும் செய்தி கீழ்பென்னாத்தூருக்குப் போய்ச் சேர பஸ்கூடத் தேவைப்படவில்லை. ஒரு காலை மச்சாண்டாரின் கடலை லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தது அவர் மகன் சேகர். பெரியவர் கயிறும் காலிச் சாக்குமாக இறங்கி, நேரே தம்பியின் கட்டிலுக்குப் போனார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் வேற வழி தெரியலண்ணா" என்றார். அவ்வளவுதான். கம்ப்ரஸர் லாரியில் ஏறியது, ஜாக்கிகள் ஏறின, பாஷா பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெஞ்சில் பூட்டியிருந்த வைஸைக் கழற்றினார். என் அடுக்களை அடுத்தது. எனக்கு உள்ளே உட்காரவும் முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சாமான் ஏற்ற வசதியாக சேகர் லாரியைப் பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் கொண்டுவந்தான். லாரி நேராகத்தான் வந்தது. அவன் கைகள் மட்டும் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தன, கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவன் மாதிரி. நான் அப்படியே நின்றேன். "சேகர், எவ்ளோ நாளா இப்படி?" என்றேன்.

"எது சித்தி? இதுவா? பழகிப்போச்சு. லூஸானா எங்க ஊர்ல பாக்ஸ் ஸ்குரூவ டைட் பண்ணிடுவாங்க. கொஞ்ச நாள்ல மறுபடி வந்துடும்."

எங்கள் பக்கத்தில் மச்சாண்டாரும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடமோ தம்பியிடமோதான் சொல்லியிருக்கிறார். இப்போதும் கம்ப்ரஸரைப் பார்த்துச் சொன்னார்: "லாரியப் பத்தி எங்களுக்குத் தெரியும். மீதி சாமான ஏத்தச் சொல்லு."

"பாய்," என்றேன், "பெரியவரை வலது முன்சக்கரத்தாண்ட வந்து கை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு என் அடுக்களையைக்கூட ஏத்திக்கட்டும்." பெரியவர் அசையவில்லை. "அவரு மகன்தானே ஓட்றான்? செஞ்சி ரோட்டுல பஸ் எதிர்ல வர்றப்ப ஸ்டீயரிங்கைத் திருப்பி வண்டி திரும்பலன்னா யாரைக் கேப்பாராம்னு கேளுங்க." பாய் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். பாய் அவர் கையைப் பிடித்து, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் ராடு சக்கரத்தோடு சேர்கிற இடத்தில் வைத்தார். அங்கே ஒரு இரும்புக் குண்டு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும், கச்சிதமாக உட்கார வேண்டும். நான் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கேபினில் ஏறி ஸ்டீயரிங்கை ஆட்டினேன். என் கை ஒரு சாண் போய் வந்தது. சக்கரம் அசையவில்லை. கீழே 'டொக், டொக்' என்றது. ராடு முனையில் இவ்வளவு தேய்மானத்தை வைத்துக்கொண்டு, ஊரில் நல்லா இருந்த பாக்ஸைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

நான் இன்னொரு தரம் ஆட்டினேன்.

"நிறுத்தும்மா! நிறுத்து!" என்று கீழிருந்து சத்தம் வந்தது. பெரியவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

எழுந்து நின்று கையிலிருந்த கிரீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேகரைப் பார்த்தார். சேகர் லாரியைப் பார்த்தான். "இந்த வண்டி இன்னிக்கு இங்கேருந்து போவாதுங்க" என்றேன் நேராகவே, எழுந்து நிற்கப் பழக்கிய சிஸ்டர்கள் மன்னிக்கட்டும், கேபினில் உட்கார்ந்தபடியே. "சரி பண்ணணும்னா ஜாக்கி வேணும், கம்ப்ரஸர் வேணும். அதெல்லாம் உங்க லாரி மேல இருக்குது." பெரியவர் தானே மேலே ஏறி முதல் ஜாக்கியை எடுத்துக் கீழே கொடுத்தார். பாஷா பாய் வாங்கி, அதே கையோடு லாரிக்கு அடியில் போய்விட்டார். எல்லாச் சாமானும் இறங்கி, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் பெரியவருக்கு உறைத்தது. ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்:

"உங்கள கூட்டினு போலாம்னு வந்தேன். இப்ப என்னை யாரும்மா கூட்டினு போறது?"

சேகர் எதிர் டீக்கடையில் சொன்ன கதையில் வண்டிகள் திரும்பி வந்தன, பட்டறை நிலைத்துவிட்டது, கூடவே ஒரு வியாதியும் நிலைத்துவிட்டது: எந்த பஸ்ஸில் ஏறினாலும் மலையைப் பார்த்துக் கும்பிட மறந்து, டிரைவரின் கைகளையே முறைத்துக்கொண்டு வருகிறேன்.