பென்சிலால் போட்ட அலைகள்

பள்ளி இறுதி வகுப்பின் குரூப் போட்டோவில் பியூனைக் காணவில்லை. அதைப் பார்த்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. போட்டோ எடுக்கும்போது அவர் எங்கள் பின்னால், வராந்தாவில், வாளியோடு நடந்துபோனார். வாளிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பி, 'ஆடாதே' என்று திட்டு வாங்கியவனே நான்தான். மேகமூட்டமான நாள், போட்டோக்காரர் லென்ஸ் மூடியைக் கழற்றி, நாலு வரை எண்ணி, மறுபடி மாட்டினார். படத்தில் எல்லாரும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தோம். எனக்கு மட்டும் இரண்டு மூக்கு. பியூன் நடந்த இடத்தில் பீடிப் புகை மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான்.

அசைகிற ஆளே அழிந்துபோகிறார் என்றால், தண்ணீரை எடுத்தால் என்ன ஆகும்? நாலு வரை அல்ல, நாற்பது வரை எண்ணினால்? அலையெல்லாம் அழிந்து, மரம் மட்டும் நிற்குமே!

அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்க் கண்மாயில், மடைக்கு எதிரே, மூன்று கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. சூரியன் அவற்றின் பின்னால்தான் இறங்கும். கல்லூரிப் படிப்பை முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கும் இந்த வருஷம்தான் அந்த யோசனையைக் கையில் எடுத்தேன். மலேயாவிலிருந்து வந்த சித்தப்பா விட்டுப்போன பெட்டிக் கேமரா இருந்தது. நேரம் மட்டும் இல்லை. கண்மாய் மரங்களைப் பஞ்சாயத்தில் ஏலம் விட்டாயிற்று. தண்ணீர் வற்ற வற்ற வெட்டிவிடுவார்கள்.

முதல் ஃபிலிமில் கேமரா ஆடிவிட்டது. இரண்டாவதில் அவசரப்பட்டேன், வெயில் மிச்சமிருந்து, படம் முழுக்க வெள்ளை. மூன்றாவதற்கு, கேமராவை மடைக்கல்லின் மேல் களிமண் வைத்து அழுத்தினேன். ஷட்டர் விசையை விட்டால் மூடிக்கொள்ளும், விரலால் பிடித்தால் ஆடும். சைக்கிள் டியூபை வெட்டி, விசையை இழுத்துக் கட்டினேன். சூரியன் மறைந்து வானம் சிவக்கும்வரை காத்திருந்து, திறந்து, எண்ண ஆரம்பித்தேன். அப்போதுதானா ஒருவர் கரையில் வரவேண்டும்!

"என்ன தம்பி, இங்கிட்டு உக்காந்து எதை எண்ணுறீங்க?"

"பதினெட்டு, பத்தொம்போது…"

"எருமை ஒண்ணு கயித்த அத்துக்கிட்டு வந்துருச்சு. இந்தப் பக்கம் பாத்தீங்களா?"

"இருவத்தி மூணு, இருவத்தி நாலு…"

"ஏ அப்பா, அம்புட்டு எருமையா மேயுது அங்கிட்டு?"

சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. நாற்பதில் மூடியபோது அவர் போய்விட்டிருந்தார். ஆனால் எனக்குத் தெரியும், இந்தத் தடவை படம் விழுந்துவிட்டது. சில படங்கள் அப்படித்தான், கழுவுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஃபிலிமைப் புதுக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். நான் என்ன எடுத்தேன் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லவில்லை. கழுவிப் பார்த்து அவர் அசந்துபோகட்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நாலாம் நாள் போனேன். முகமெல்லாம் மலர்ச்சியாக வரவேற்றார்.

"வாங்க தம்பி, வாங்க. பயந்துராதீங்க, காப்பாத்திட்டேன். ஒங்க படத்துல தண்ணியே இல்லப்பா. பால ஊத்தி வச்ச மாதிரிக் கெடந்துச்சு. ரெண்டு நாளா உக்காந்து நாந்தான் அலை போட்டேன்."

படத்தை மேஜையில் வைத்தார். மூன்று மரங்கள். அவற்றின் அடியில், கோலப்பொடி இழுத்த மாதிரி, வரிசை வரிசையாக வெள்ளை அலைகள். நடுமரத்தின் கிளைக்கு முன்னால், பின்னால்கூட அல்ல, முன்னால், தோசை அளவில் ஒரு சூரியன். மூலையில் இரண்டு பறவைகள்.

"யாருங்க இதையெல்லாம் போடச் சொன்னது?"

"சொல்லணுமா? பொண்ணு பாக்கப் போற படத்துல அம்மைத் தழும்ப எடுக்குறேன். அதை யாரும் வாயத் தொறந்து கேக்குறாங்களா? நாமளாத்தான் பாத்துச் செய்யணும். அஸ்தமனம்னா சூரியன் வேணாமா?"

"சூரியன் மரத்துக்கு முன்னாடி வருமாங்க?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "அது ஒரு அழகுக்குத்தான்" என்றார்.

நெகட்டிவைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அதில் மை பட்ட இடம் படத்தில் வெளுக்கும், சுரண்டிய இடம் கறுக்கும். சூரியன் சிவப்பு மைப் பொட்டு, துடைத்தால் போய்விடும். வெள்ளை அலை பென்சில், அதுவும் போய்விடும். ஆனால் அலைக்கு அலை நடுவில் நிழல் காட்ட பிளேடால் சுரண்டியிருந்தார். மருந்துப் பூச்சே உரிந்து, கீறல் கீறலாக. சுரண்டாத ஓரத்தில் மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, நான் எடுத்த தண்ணீர் இருந்தது. அலையே இல்லாமல், மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி. நான் நினைத்தது நடந்திருக்கிறது! நடந்ததற்கு அந்தக் கட்டைவிரல் அகலம்தான் அத்தாட்சி.

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. படம் எடுக்க வந்திருந்த ஒரு குடும்பம் வாசலிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாள் மேஜையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்து, "அலையெல்லாம் எம்புட்டு அழகா இருக்கு" என்றார். அதற்கு மேல் அங்கே நின்றிருந்தால் எதையாவது உடைத்திருப்பேன். ஸ்டுடியோக்காரருக்கோ நிஜமாகவே புரியவில்லை. "நல்லது செஞ்சா கோவிக்கிறாரே" என்று அந்த அம்மாளிடமே முறையிட்டார். கெடுதல் செய்ய நினைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. இரண்டு நாள் உட்கார்ந்து, ஆசையாகக் கெடுத்திருக்கிறாரே!

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கண்மாய்க்குப் போனேன். தண்ணீர் வற்றிய இரண்டு ஓரத்து மரங்களும் இல்லை. கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவிலிருந்த மரம் மட்டும் தண்ணீரில் நின்றது. அதன் அடியில் இன்னும் பள்ளம், தண்ணீர் வற்ற ஐந்தாறு நாள் ஆகும் என்றார் கோடரிக்காரர். "அதுவரைக்கும் அது ஒங்க மரம்தான்" என்று கேலி வேறு.

இனி என் ஃபிலிமை வேறு கை தொடாது. லைப்ரரிப் புத்தகத்தில் பார்த்து மருந்துகளை எழுதி, வாங்கி வந்துவிட்டேன். எங்கள் நெல்லறைக்கு ஜன்னல் இல்லை. கதவிடுக்கில் சாக்கைத் திணித்தால் பகலிலேயே கும்மிருட்டு. பீங்கான் தட்டில் மருந்தை ஊற்றி, ஃபிலிமின் இரண்டு முனையையும் பிடித்து, ஏற்றி இறக்கி நனைக்க வேண்டுமாம். கண் தெரியாது, கைப்பழக்கம்தான்.

சாவி கேட்டபோது அத்தாச்சி, அண்ணன் மனைவி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விதைநெல்லுல ஒரு சொட்டுச் சிந்துச்சு, ஒங்கள அந்தச் சாக்குலயே கட்டி வச்சுருவேன், ஆமா." சாவியைக் கொடுத்துவிட்டார்.

இன்று மத்தியானம் கெட்டுப்போன பழைய ஃபிலிமை வைத்து, தண்ணீரிலேயே கையைப் பழக்கப் போகிறேன். நாளைச் சாயங்காலம் மிச்சமிருக்கும் ஒற்றை மரத்தை எடுத்து, மறுநாள் காலையில் நானே கழுவுவேன். கெட்டால், என் கையால் கெடட்டும்.