விதைக்கடைத் தலைவலி

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, எனக்குத் தலைவலி என்று அப்பா விதை வாங்க வந்த ஒரு சம்சாரியிடம் சொன்னார். எனக்குத் தலைவலி இல்லை.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு விதைக்கடை. கீழே கடை, மேலே வீடு. எட்டு வயதில் நான் விளையாட்டாக ஒருவருடைய துண்டில் அள்ளிப் போட்ட உளுந்து அந்த ஆண்டு நன்றாகக் காய்த்துவிட்டது. மழையும் மண்ணும் அவருடைய உழைப்பும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பெயர் கிடைத்தது என் கைக்கு. அன்றிலிருந்து, புரட்டாசியில் விதை வாங்க வருகிறவர்கள் முதல் கையை நான் அள்ளிப் போட வேண்டும் என்று கேட்பார்கள். மீதியை அப்பா நிறுத்துக் கொடுப்பார். கல்லூரியில் இலக்கியம் படிக்கப் போன பின்பும் சனி, ஞாயிறுகளில் இது தொடர்ந்தது.

பதின்மூன்று வயதில் இந்தக் கைராசிக்கு ஒரு நிபந்தனை வந்தது. மாதத்தில் மூன்று நாள் நான் கடைக்குள் இறங்கக் கூடாது. அந்த நாள்களில் அம்மா மேலிருந்து அப்பாவுக்குப் போன் செய்து, "பாப்பாவுக்குத் தலவலி" என்பார். அப்பா அதையே வந்தவர்களிடம் சொல்வார். அவர்களும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், "சரி, சொகமாகட்டும், செவ்வாக்கெழம வாரேன்" என்று போவார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரும் சேர்ந்து வேறு பெயரிட்டு அழைத்தார்கள். பொய்யான அந்தப் பெயருக்கு நானும் ஏழெட்டு ஆண்டுகள் உடன்பட்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்திருந்தவர் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்துக்காரர். பல ஆண்டுகளாக எங்களிடமே வாங்குபவர். நான் மாடிப்படியின் கடைசி வளைவில் நின்றிருந்தேன். கடையில் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும்.

"நான் அள்ளித் தாரேன் அண்ணாச்சி, வாங்கிட்டுப் போங்க" என்றார் அப்பா.

"ஒங்க கை வேண்டாம். ஒரு வருசம் ஒங்க கையில வாங்கினது, எங்கூர்க்காரன் எனக்கு முடிவெட்டுன மாதிரியில்லா ஊடால ஊடால சொட்ட விழுந்து மொளச்சுது."

அப்பா சிரித்தார். "அப்போ ரெண்டு நாள் பொறுங்க."

"நான் பொறுப்பேன், மானம் பொறுக்குமா? மேக்க கருத்துக் கெடக்கு. மழைக்கு முன்ன வெதைக்கணும்."

நான் கடைக்குள் இறங்கினேன்.

"ஏட்டி, மேல போ" என்றார் அப்பா.

நான் வந்தவரைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்குத் தலவலி இல்ல மாமா. மாதவிலக்கு. இன்னைக்கு ரெண்டாவது நாள்."

அவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "இதெல்லாம் எங்கிட்ட எதுக்குத் தாயி சொல்லுத?"

"தலவலின்னு ஒங்ககிட்டதான சொல்லுதாவ."

சோதிக்காத விதையை விற்கக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. அதை நான் இன்றும் மதிக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நூறு விதை எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, சில நாள் கழித்துப் பிரித்து, முளைத்ததை எண்ண வேண்டும். அது மாடியில் நடக்கும் வேலை. பள்ளி நாளிலிருந்தே என்னுடையது. கடைக்கு இறங்காத நாள்களில் நான் சும்மாதானே இருக்கிறேன் என்று, பெரும்பாலும் அந்த மூன்று நாளில்தான் அம்மா சாக்கை நனைத்துத் தருவார். சோதனைக்கு எடுத்த அந்த நூறு விதையை யாருக்கும் விற்பதில்லை என்பதால் அதை நான் தொடுவதில் குற்றம் இருப்பதாக எவருக்கும் தோன்றியதில்லை.

இதை அவருக்கு விளக்கினேன். "நீங்க வெதச்ச உளுந்துல பாதிக்காவது, இந்த மாதிரி நாள்லதான் நான் தொட்டு மொளைக்க வச்சுப் பாத்திருக்கேன். என் கை பட்டு ஒரு மூட்டகூடக் கெட்டதில்ல. எங்கையில ராசியும் கெடையாது, தோசமும் கெடையாது. வெத நல்ல வெத. வேணும்னா இப்பவே அள்ளித் தாரேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு வேண்டாம் தாயி."

அவர் சாலையைக் கடந்து எதிரிலிருந்த இன்னொரு விதைக்கடைக்குள் போவதை அப்பாவும் நானும் நின்று பார்த்தோம்.

அப்பா குரலை உயர்த்துபவர் அல்லர். "எத்தன வருசமா வந்த மனுசன்" என்றார். "நாளைக்கு நீ கடைக்கு வராண்டாம். எப்ப வரணும்னு இனி நான் சொல்லுதேன்."

"ராசின்னு வரச் சொன்னிய, தலவலின்னு போகச் சொன்னிய. ரெண்டுக்கும் என்னக் கேக்கல. இனி நானாத்தான் வருவேன்."

ஒரு நல்ல வாடிக்கையாளரை அனுப்பிவிட்டேன், அதற்காக வருந்தினேன். சொன்னதற்காக வருந்தவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

மதியம் சோறு போடும்போது அம்மா என் தட்டைப் பார்த்தபடியே, "எங்கம்மா வீட்டுல அதுக்குப் பேரு காய்ச்சல்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு, அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி ஷட்டரைத் தூக்கினேன். வாசல் பலகையைத் துடைத்து, உளுந்து, பாசி, மக்காச்சோளம் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எத்தனை முளைத்தன என்று எழுதினேன். அதன் கீழே, 'இந்தக் கடையில் கைராசி பார்த்து விதை கொடுப்பதில்லை' என்று சேர்த்தேன். பிறகு தராசுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் வந்த பெண் ஐந்து கிலோ உளுந்து கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன்.