கொங்கோ ஆற்றின் கரையில் ஓர் இடம்

1997இல் சயீர் நாட்டின் பெயர் கொங்கோ என்று மாறியது. கனடாவில், ஸ்காபரோவில், பள்ளிக்கூட அட்லஸ்களுக்குப் படம் தயாரிக்கும் கொம்பனியில் அப்போது வேலை செய்தேன். ஆற்றின் பெயரையும் மாற்ற வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை பிறிண்டுக்குப் போகவேணும், பிள்ளை. பேரை மட்டும் மாத்தும், ஆத்தைத் தொடாதையும்," என்றார் பொறுப்பாளர் சிவம் அண்ணை.

பைண்டிங் பகுதியில் வேலை செய்த பியர் அந்த நாட்டுக்காரர். என் திரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்:

"என் அம்மா இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறா. எந்த இடம் என்று காட்டுவீர்களா?"

சண்டைக்குப் பயந்து பியரின் தாயும் தங்கையும் கிசங்கானியில் படகேறியிருக்கிறார்கள். அதற்கு மேலே நீர்வீழ்ச்சிகள். கீழே கின்ஷாசா வரை படகு போகும். வழியில் தாய் காய்ச்சலில் இறந்துபோனார். கரையில் புதைத்துவிட்டுப் படகு புறப்பட்டுவிட்டது. அதற்குச் சற்று முன் இடப்பக்கம் ஓர் ஆறு வந்து சேர்ந்ததையும், மறுநாள் காலை ம்பண்டாக்கா நகரம் தெரிந்ததையும் தவிரத் தங்கைக்கு வேறொன்றும் நினைவில்லை.

எங்கள் அட்லஸில் கொங்கோ ஆறு ஒற்றை நீலக்கோடு. ஸ்டோர் ரூமிலிருந்து பெரிய அளவுப் படத்தாளை எடுத்துவந்து மேசையில் விரித்தேன். அதில் அந்தக் கோடு பல கிளைகளாய்ப் பிரிந்தது. நடுவே பெயரில்லாத தீவுகள்.

"கரை முழுக்க இந்தச் சின்னக் கோடுகள் என்ன?" என்று கேட்டார் பியர்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"சதுப்பு நிலம். ஆறு பெருகினால் தண்ணீர் ஏறும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலை நிற்பதைக் கண்டு சிவம் அண்ணை வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளின்மேல் குனிந்தார்.

"கிடங்கு வெட்டினது ஆர் எண்டு கேளும்."

கேட்டேன். ஊர்ச்சனம்தான் குழி வெட்டித் தந்தார்களாம்.

"அப்ப அங்கை ஊர் இருந்திருக்கு. சதுப்பிலை ஆரும் வீடு கட்டாயினம். அது மேட்டு நிலம், பிள்ளை. தண்ணி வராது எண்டு சொல்லும்."

சொன்னேன். இடப்பக்க ஆறு சேருமிடத்துக்கும் ம்பண்டாக்காவுக்கும் இடையில், சதுப்புக் குறியில்லாத கரையில், இரண்டு சிற்றூர்கள் இருந்தன. எதுவென்று எங்களால் சொல்ல முடியவில்லை. பியர் இரண்டையும் சேர்த்து உள்ளங்கையால் மூடினார். சிவம் அண்ணை வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசவேயில்லை.

பெயரை மாற்றிப் படத்தை அனுப்பினேன். அட்லஸில் அந்த ஊர்கள் இல்லை, இடம் போதாது.

பிற்காலத்தில் என்னிடம் வேலை பழகியவர்களுக்கு இதைத்தான் சொன்னேன்: படத்தைச் சிறிதாக்கும்போது ஊர்களை விடத்தான் வேண்டும். ஆனால் பெரிய தாளை ஒருமுறை முழுதாய்ப் பார்த்துவிட்டு விடுங்கள்.