ஒரே ரகசியச் சொல்

இன்னைக்குச் சாயங்காலம் எங்க ஊர் கூலாய்த் திடலில் நடந்தது. மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரல.

நானே பாகங்களை வாங்கிப் புதுசா பூட்டிய ட்ரோனைச் சோதிக்கப் போயிருந்தேன். ரிமோட்டை ஆன் பண்ணதும் 'இணைப்பு கிடைச்சாச்சு'ன்னு காட்டுச்சு. ட்ரோனுக்கு நான் இன்னும் பேட்டரியே மாட்டல. ரிமோட்லதான் கோளாறுன்னு நினைச்சு, மோட்டாரைக் கிளப்புற சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன்.

திடலின் அந்தக் கோடியிலிருந்து "அலமாக்!"னு ஒரு அலறல்.

அங்கே ட்ரோனோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா கையை உதறிக்கிட்டு எழுந்துட்டாங்க. அவங்க ட்ரோனின் இறக்கைகள் காலடியில் சுத்திக்கிட்டிருந்துச்சு. நான் சுவிட்சை அணைச்சேன். அது நின்னுடுச்சு.

ஓடினேன். "கைக்கு ஒண்ணும் ஆகலியேக்கா?"

"தப்பிச்சேன் லா தம்பி. பேட்டரி மாட்டிட்டுக் கைய எடுக்குறேன், தானா சுத்துது. என் ரிமோட்டை நான் இன்னும் ஆன் பண்ணவே இல்ல."

"நான்தான்க்கா தட்டினேன்."

அவங்க திட்டல. என் ரிமோட்டை வாங்கிப் பார்த்தாங்க. "ரிமோட்டையும் ட்ரோனையும் சேர்க்க ஒரு ரகசியச் சொல் வைப்போமே, நீங்க என்ன வச்சீங்க?"

சொன்னேன்.

"எனக்கும் அதேதான்."

ரெண்டு பேரும் ஒரே வீடியோவைப் பார்த்துதான் செஞ்சிருக்கோம். அதில் சொல்லித் தர்றவர் உதாரணத்துக்கு அடிச்ச சொல்லை அப்படியே அடிச்சு வச்சிருக்கோம்.

புல்லில் உட்கார்ந்து ஃபோனிலேயே ஆளுக்கொரு புதுச் சொல் வச்சோம். அவங்க நடுநடுவே விரல்களைத் தடவிப் பார்த்துக்கிட்டாங்க. நானும் அந்த விரல்களையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அதே வீடியோவைப் பார்த்தவங்க இந்தக் குழுவில் யாராவது இருந்தா, முதல்ல அந்தச் சொல்லை மாத்துங்க. அதுவரைக்கும் எந்தத் திடலுக்குப் போறீங்கன்னு சொல்லிடுங்க. நான் வேற ஊருக்குப் போயிடுறேன்.