விரதகாரர் சுட்ட வாத்து

தொண்ணூறுகளில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணை ஒருவர், லைசென்ஸும் துவக்கும் கைக்கு வந்ததுமே தன்னைப் பெரிய வேட்டைக்காரனாக நினைத்துக்கொண்டார். பிக்கரிங் நகரைத் தாண்டி, லைசென்ஸ் உள்ள எவரும் வாத்துச் சுடக்கூடிய அரசாங்கச் சதுப்பு நிலத்துக்கு ஒரு காலை என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"போட் என்னத்துக்கு? கரையில நிண்டே விழுத்துவன்" என்றார்.

ஆறேழு வெடி வீணாகி, கடைசியில் ஒரு வாத்து விழுந்தது. விழுந்தது தண்ணீருக்கு நடுவில். அண்ணை அசையவில்லை.

"எனக்குக் கந்தசஷ்டி விரதம். செத்ததைத் தொடக்கூடாது. நீ வேதக்காரன்தானே, போய் எடு."

சுடலாமாம், தொடக்கூடாதாம். கத்தோலிக்கனாய்ப் பிறந்த குற்றத்துக்காக நவம்பர் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அவர் கரையில் நின்று, கையுறை போட்ட விரலை நீட்டி, "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று வழி சொன்னார். காரிலும் வாத்து என் மடியில்தான் வந்தது.

"விரதம் முடியுமட்டும் உன்ர பிரிட்ஜில கிடக்கட்டும்" என்று சொல்லி, நடுங்க நடுங்க என்னை வாசலில் இறக்கிவிட்டார்.

விரதம் முடிந்த அன்றே போன் அடித்தார். "வாத்தைக் கொண்டு வாறியோ? மனிசி கறிக்கு அரைச்சு வைச்சிருக்கிறா."

"அதை அண்டைக்கே சமைச்சுச் சாப்பிட்டிட்டம், அண்ணை" என்றேன். "எங்களுக்கு விரதமில்லையே."