வார், கொக்கி, பட்டைத் தொட்டி

1

ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பில் வார் தைக்கும் பிரிவுக்கு நான் மேஸ்திரி. யுத்த காலத்தில் ஆகாய விமானப் படைக்கு இடுப்பு வார் தைத்தோம். விமானத்தின் பின்பக்கம் நின்று சுடுகிறவனுக்கு மேலே கூரை கிடையாது. வாரில் ஒரு கொக்கி தொங்கும். தரையிலுள்ள வளையத்தில் மாட்டினால் விழமாட்டான்.

ஒரு நாள் விமானப் படைத் துரை ஒருவர் வந்தார். கூடவே ஆற்காட்டுச் சிப்பாய் சின்னப்பன். பறக்கும்போது கொக்கி கழன்று அவன் பாதி உடம்பு வெளியே போய்விட்டதாம். வார் சரியில்லை, ஆர்டர் ரத்து என்றார் துரை. எங்கள் ஷாப் கிளார்க்கு அதைத் தமிழில் சொன்னார். பிரிவில் பன்னிரண்டு பேர். ஆர்டர் போனால் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை.

வாரை வாங்கிப் பார்த்தேன். தையல் பிரியவில்லை. கொக்கியில் இழுபட்ட தடம் இல்லை.

"இன்னாப்பா, கொக்கி மாட்னியா?"

"மாட்டாம? டெய்லி வரிசையா நிக்க வெச்சி சொல்லித் தர்றாங்க மேஸ்திரி. 'கொக்கி?'ன்னு தொரை கேப்பாரு. 'மாட்டியாச்சு!'ன்னு கத்துவோம்."

"வாய் கத்துது. கை இன்னா பண்ணுது?"

தப்பு வாரிலா கையிலா என்று சோதித்துக் காட்டுகிறேன் என்று கிளார்க்கை விட்டுத் துரையிடம் சொல்லச் சொன்னேன்.

2

பட்டைத் தொட்டிக்கு மேலே ஒரு பீப்பாயைக் கயிற்றில் தொங்கவிட்டோம். பீப்பாய்க்குள் அடியில் வளையம் அடித்தோம். தொட்டியில் இடுப்பளவு ஆவாரம்பட்டைத் தண்ணீர். தோல் ஊறி ஊறிப் பழசான தண்ணீர். நாங்களே மூக்கைப் பிடித்துக்கொள்வோம்.

சின்னப்பன் அதே வாரோடு ஏறி நின்றான்.

துரை "கொக்கி?" என்று கத்தினார். "மாட்டியாச்சு!" என்றான் இவன்.

நான் பீப்பாயை உடனே கவிழ்க்கவில்லை.

"ஆற்காட்ல மக்கன் பேடா மிட்டாய் எந்தக் கடையில நல்லா இருக்கும்?"

யோசித்தான். கவிழ்த்தேன். கொக்கி வளையத்தில் இல்லை; நேரே தொட்டிக்குள் விழுந்தான்.

பழுப்பாக எழுந்தான். "சொல்லிட்டுக் கவுக்கக் கூடாதா மேஸ்திரி?"

"ஏரோப்ளேன் சொல்லிட்டாப்பா கவுரும்?"

மறுபடி ஏற்றினோம். மாட்டினான். இழுத்துப் பார்த்தான். அப்புறம்தான் கத்தினான். கவிழ்த்தோம். தலைகீழாகத் தொங்கினான். வார் தாங்கியது. துரை ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தார்.

3

துரை தன் விமானத் தளத்துக்குப் போய் அதேபோல் பீப்பாய் கட்டினார். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கிளார்க்கு படித்தார். கீழே நல்ல தண்ணீர் நிரப்பினாராம். சித்திரை வெயில். ஒருத்தனும் கொக்கி மாட்டுவதில்லையாம். விழுந்தவன் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் வந்து நிற்கிறானாம்.

அடுத்து அனுப்பும் வார்களோடு பட்டைத் தண்ணீர் நான்கு பீப்பாய் அனுப்பவும், பழையதாக இருக்கட்டும் என்று முடித்திருந்தார்.

அனுப்பினோம். அதற்கப்புறம் யாரும் விழவில்லை.

புதிதாக மேஸ்திரி ஆகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தால் போதாது. தப்பு செய்தால் எதில் விழுவான் என்பதையும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.